செம்மண் முற்றத்தை வெறுங்காலால் கடந்த பூட்ஸ் டாக்டருக்கு

மண்ணில் கால் பதித்த மாந்தரெல்லாம் மறவாமல் போற்ற வேண்டிய மருத்துவ மாமணியே! வீங்கிய கால்களுக்கு விடியலாய் வந்த வித்தகரே! கணுக்காலுக்குக் காவலாய், கெண்டைக்காலுக்குக் கேடயமாய், குதிகாலுக்குக் குடையாய் நின்ற குணக்குன்றே! நடக்கத் தயங்கியோரை நடக்க வைத்த நாயகரே! வருக, அமர்க, எங்கள் வாழ்த்தைச் செவிமடுத்து அருள்க!

விளிகள் இத்துடன் முடிந்தன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இந்தக் கால்வீக்க நோய் நிலையத்தின் வெளிவாசலிலிருந்து மருத்துவர் அறை வரைக்கும், செம்மண் முற்றத்தின் குறுக்கே, வந்த நோயாளிகள் அத்தனை பேரையும் வெறுங்காலோடு நடக்க வைத்தவர் ஐயாதான்.

ஐயாவின் சிறப்புகளை ஐயாவிடமே எடுத்துரைப்பதில் பயன் அதிகமில்லை. அவருக்கு அவை முன்பே தெரியும். ஆகவே இனி அவையோரை நோக்கிச் சொல்கிறோம். ஐயா கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இளம் மருத்துவராக ஐயா இந்த மேட்டு நிலத்துக்கு வந்து இறங்கியபோது அவருடைய தலையில் முடியும், பெட்டியில் கொசுவலையும் நிறைய இருந்தன. வெப்ப நாடுகளில் ஒருவருக்குக் கால் தூண்போல வீங்கினால் அதற்குக் கொசுவே காரணம் என்று அவர் படித்த புத்தகம் சொல்லியிருந்தது. தாழ்வான, தண்ணீர் தேங்கும் ஊர்களுக்கு அது சரிதான். அங்கே கொசு கடிக்கும், நூலிழை போன்ற புழு உடம்புக்குள் புகும், நிணநீர் ஓடும் குழாய்களில் குடியேறும், கால் வீங்கும். ஆனால் இந்த மலைக்குளிரில் அந்தக் கொசு பிழைப்பதில்லை. வலையை வாங்கிக்கொண்ட ஜனங்கள் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போர்த்தினார்கள். ஆண்டு முடிவில் ஒரு குஞ்சுக்கும் கால் வீங்கவில்லை. ஐயாவின் முதல் வெற்றி அது.

வலைகள் தீர்ந்த பிறகு ஐயா வீடு வீடாகப் போனார். இதை நாங்கள் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே போனார். மழையில் போனார், வெயிலில் போனார், நாய் துரத்தியபோது கொஞ்சம் வேகமாகப் போனார். எதனால் வீங்கியது என்று கேட்டார். பாம்பு ஊர்ந்த தடத்தை மிதித்ததால் என்றார் ஒருவர். செத்த குதிரையின் எலும்பைத் தாண்டியதால் என்றார் அடுத்தவர். மாமியார் விட்ட சாபம் என்றார் ஒரு மருமகள். மருமகளின் வாய்தான் என்றார் அதே வீட்டு மாமியார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஐயா குனிந்து அவர்களுடைய கால்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கால்கள் நின்ற மண்ணைப் பார்த்தார்.

காரணம் மண்ணில் இருந்தது. எரிமலைப் பாறை உதிர்ந்து உண்டான செம்மண் இது. இதில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உண்டு. வெறுங்காலோடு வருஷக்கணக்கில் உழுகிறவர்கள், களையெடுக்கிறவர்கள், செங்கல்லுக்கு மண் மிதிக்கிறவர்கள், இவர்களுடைய தோல் வழியாக அந்தத் துகள்கள் உள்ளே போய் நிணநீர்க் குழாய்களைப் புண்ணாக்கி அடைத்துவிடுகின்றன. முதலில் பாதத்தில் அரிப்பும் எரிச்சலும், பிறகு வீக்கம், அது மெல்ல மெல்ல முழங்காலை நோக்கி ஏறும். நடுநடுவே காய்ச்சலோடு கால் கொதிக்கும் தாக்கு வந்து ஆளைப் படுக்கப் போட்டுவிடும். ஒருவரைத் தொட்டு ஒருவருக்கு ஒட்டாது. சில குடும்பங்களின் உடல்வாகு மட்டும் இதற்குச் சட்டென்று இடம் கொடுத்துவிடும். அதனால்தான் ஊர் அதைச் சாபம் என்றது. செருப்புக்கு வழியில்லாதவர்கள், வீட்டுக்குள்ளேயும் மண்தரை உள்ளவர்கள், கால் கழுவும் தண்ணீருக்கு வெகுதூரம் போக வேண்டியவர்கள், சிறு வயதிலேயே வயலில் இறங்கியவர்கள், நாளெல்லாம் குனிந்து நிற்கும் பெண்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். வைத்தியமோ எளிது: சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, களிம்பு பூசி, துணிக்கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, மூடிய காலணி அணிந்தால் போதும்.

இவ்வளவையும் கண்டறிந்து ஊருக்குச் சொன்னவர் ஐயா. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த மடல் இங்கேயே முடிந்திருக்கும்.

ஐயா பூட்ஸ் அணிந்தார். மற்றவர்கள் அணிவதுபோல அல்ல. காலை வெயில் அதில் பட்டால் எதிரே வருகிறவர் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போய், "என் காலைப் பாருங்க!" என்று தொடங்குவார். ஜனங்கள் பார்த்தார்கள். 'பூட்ஸ் டாக்டர்' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு நாள், தாமே இயற்றிய வாசகம் ஒன்றைப் பெரிய பலகையில் எழுதுவித்து நிலையத்தின் சுவரில் மாட்டினார்: 'வீங்கிய கால் ஒரு வாக்குமூலம்.' வீக்கத்தோடு வந்து நிற்கிறவர் செருப்புப் போடவில்லை, கழுவவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதைத் தம் காலாலேயே ஒப்புக்கொள்கிறார் என்பது அதன் பொருள். நோயாளிகள் அந்தப் பலகைக்குக் கீழேதான் காத்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பது அவர்கள் செய்த புண்ணியம். மீதிப் பேருக்கு ஐயாவே விளக்கிச் சொல்லிவிடுவார்.

பிறகு நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். திறந்துவைக்க வந்த மேலதிகாரி, "முகம் பாத்துக்கலாம் போல இருக்கே!" என்று வியந்து, குனிந்து பார்த்தும் கொண்டார். நோயாளிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே ஐயா விதி போட்டார்: காலணியோடு யாரும் தரையில் ஏறக் கூடாது. முதலில் படிக்கட்டில் கழற்றினார்கள். அந்தக் குவியல் புகைப்படத்தில் அசிங்கமாக விழுந்ததால், செருப்பு அலமாரியை வெளிவாசலுக்கே கொண்டுபோய் வைத்தார். வெளிவாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே முற்றம். முற்றம் நிறைய இந்த ஊரின் அதே செம்மண்.

அவையோர் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டுகிறோம். ஐயாவின் பேச்சைக் கேட்டு மூடிய காலணி போட்டுக்கொண்டு நெடுந்தூரம் நடந்து வருகிற ஒருவர், வாசலில் அதைக் கழற்றுகிறார். முற்றத்துச் சேற்றை வெறுங்காலால் கடக்கிறார். உள்ளே அவருடைய காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, களிம்பு பூசி, வெள்ளைத் துணிக்கட்டுப் போட்டு அனுப்புகிறோம். அந்தக் காலோடு அதே சேற்றை மறுபடியும் கடந்துபோய், சேற்றோடு காலணிக்குள் விடுகிறார். அடுத்த வாரம் ஐயா அந்தக் காலணியைக் கவிழ்த்துத் தட்டுவார். செம்மண் கொட்டும். "பாரு! போட்டுக்காம ஊர் சுத்திட்டு வந்து, என்கிட்ட காட்டறதுக்காக வாசல்ல வந்து மாட்டிக்கிறது! என்னை என்ன மடையன்னு நினைச்சியா?" என்பார். நோயாளி தலை குனிவார்.

வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது. எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பணியாளர் குடியிருப்பு கட்டடத்தின் பின்பக்கத்தோடு ஒட்டியிருப்பதால் நாங்கள் முற்றத்தை மிதித்ததே கிடையாது. அலமாரியைக் காக்கும் வாசல் அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வருகிற வழக்கமில்லை. ஐயாவின் ஜீப் படிக்கட்டை உரசிக்கொண்டு நிற்கும். அவருடைய பூட்ஸ் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்ற காரணத்தால் விதியில் அவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கையும் அவரேதான் அளித்திருந்தார்.

இனிமேல் சொல்லப்போவது போன மழைக்காலத்துச் செய்தி. ஐயாவின் வீட்டம்மா சொல்லியும், ஐயாவே பிறகு ஒப்புக்கொண்டும் அறிந்தது.

ஒரு நாள் காலை இடது பூட்ஸ் ஏற மறுத்தது. நாடாவை முழுக்க உருவிப் பார்த்தார். குதிகாலுக்கு அடியில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தும் பார்த்தார்.

"என்னங்க, வீடு இடியற மாதிரி சத்தம் வருது?" என்று வீட்டம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"பூட்ஸ் சுருங்கிடுச்சு."

"ஒரு பக்கம் மட்டுமா சுருங்கும்?"

"மழையில நனைஞ்சது அந்தப் பக்கம்தான்."

"நீங்க என்ன, ஒத்தைக் கால்லயா மழையில நடந்தீங்க?"

வீட்டம்மா வந்து பார்த்தார். ஐயா கட்டைவிரலால் தம் கணுக்காலை அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. ஊரார் காலிலெல்லாம் அழுத்திப் பழகிய அந்த விரலுக்கு மேற்கொண்டு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வயசாச்சுல்ல, யாருக்கும் வர்றதுதானே. பெரியக்காகிட்ட காட்டுங்க" என்றார் வீட்டம்மா. பெரியக்கா என்பது எங்கள் தலைமை நர்ஸ்.

"காட்டவா? ஏம்மா, அந்தப் பலகைக்குக் கீழ நான் போய் உட்காரவா? இத்தனை வருஷம் ஊரையே திட்டியிருக்கேன்! ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் வீங்கட்டும்."

அவருடைய பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஓய்வு பெறும் நாளில் 'பாத பாதுகாவலர்' என்ற பட்டம் அளிப்பதென்றும், கூடத்துக்கு அவர் பெயர் சூட்டுவதென்றும் மேலிடம் முடிவு செய்திருந்தது. பாத பாதுகாவலரின் பாதமே வீங்கியிருக்கிறது என்று தெரிந்தால் ஊர் வாயை யார் மூடுவது? வீங்கிய கால் ஒரு வாக்குமூலம். இது எதற்கான வாக்குமூலம் என்பதுதான் அவருக்கே விளங்கவில்லை. அவர் வயலில் இறங்கியதில்லை. வீட்டிலோ சிமெண்ட் தரை. கொசுவும் கிடையாது.

குளியலறை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதோடு படிக்கட்டில் இறங்கினால் எல்லோரும் பூட்ஸ் எங்கே என்று கேட்பார்கள். வழியெல்லாம் யோசித்தார். வெளிவாசல் வந்ததும், "இங்கயே நிறுத்துப்பா" என்றார்.

"சேறு சார்" என்றார் ஓட்டுநர்.

"நோயாளிங்க நடக்கலையா? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இனிமே நானும் வாசல்லயே கழட்டிடறேன்."

வாசல் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ரப்பர் செருப்பை இரண்டு கைகளாலும் வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் துணி விரித்து வைத்தார். செய்தி உள்ளே பரவி நாங்கள் கை தட்டினோம். 'எளிமையின் சிகரமே' என்று அன்றே எங்களில் ஒருவர் இம்மடலுக்காக ஒரு விளியை எழுதி வைத்தார். அதை மேலே சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் இப்போது அவையோருக்கு விளங்கியிருக்கும்.

நீளம் குறைக்காமல் கிடந்த, தரையைப் பெருக்கும் புதுக் கால்சட்டையை, கணுக்கால் தெரியாத அளவுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஐயா முற்றத்தில் கால் வைத்தார். சேறு விரலிடுக்கில் பிதுங்கி மேலே வந்தது. குளிர்ந்து, வழுக்கி, பிறகு லேசாக அரித்தது. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தார். செங்கல்சூளையில் மண் மிதிக்கிற அம்மா. நாங்கள் சூளைக்காரம்மா என்று கூப்பிடுவோம். சொன்னதை ஒன்று விடாமல் செய்து, இரண்டு காலிலும் வீக்கம் பாதியாக வற்றி, காய்ச்சல் தாக்கு நின்றுபோய், மூடிய காலணியோடே மறுபடியும் சூளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். வாய் மட்டும் வற்றவில்லை.

"என்ன டாக்டரய்யா, அதிசயமா இருக்கு! மண்ணு கால்ல படவே கூடாதுன்னு சொல்லுவீங்களே?"

"அது வயக்காட்டு மண்ணும்மா. இது ஆஸ்பத்திரி மண்ணு."

"ஓ! அப்போ ஆஸ்பத்திரி மண்ணு கடிக்காதா?"

ஐயா சிரிக்கப் பார்த்தார்.  திரும்பி வாசலைப் பார்த்தார். அவர் எழுதிக் கொடுத்து வாங்கவைத்த காலணிகள் அலமாரியில் அழகாக அடுக்கியிருந்தன. அவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டிய கால்கள் எல்லாம் சேற்றில் வந்துகொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில், கழுவி முடித்துத் திரும்புகிறவர்களின் வெள்ளைக் கட்டுகள் அடியில் சிவந்து நனைந்திருந்தன. தாம் கவிழ்த்துத் தட்டிய காலணிகளும், அவற்றிலிருந்து கொட்டிய மண்ணும், குனிந்த தலைகளும் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. படிக்கட்டில் ஏறும்போது அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

புரிந்தும் அவர் சும்மா இருந்தார். எங்களுடைய பாராட்டில் நேர்மைக்கு இடம் உண்டு என்பதால் இதையும் சொல்கிறோம். விதியை மாற்றி எல்லோரையும் காலணியோடு உள்ளே விட்டால், ஐயாவும் காலணியோடு வர வேண்டும். பூட்ஸ் எங்கே என்ற கேள்வி உடனே வரும். விதி இருக்கும் வரைக்கும்தான் அவர் கால் அந்த நீளக் கால்சட்டைக்குள் மறைந்திருக்கும்.

ஆகவே அவர் நடுவழி தேடினார். முற்றத்தில் சாக்குகளை விரிக்கச் சொன்னார். மழையில் சாக்கும் சேறும் ஒன்றாகி, முன்பு வழுக்காத இடத்திலும் ஆட்கள் வழுக்கினார்கள். பலகை போடச் சொன்னார். அதன்மேல் முதலில் நடந்த கால் சேற்றைப் பூசிவிட்டுப் போக, அடுத்து வந்த கால்கள் அதைப் பொறுமையாக வாங்கிக்கொண்டு போயின. சிமெண்ட் பாதை கேட்டு மேலிடத்துக்கு எழுதினார், முற்றத்தின் படத்தை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். இயற்கை அழகு கெடும் என்று பதில் வந்தது.

பெரியக்கா ஒரு நாள் நேராகவே கேட்டார். "எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? செருப்போட உள்ள விட்டா போச்சு. தரையைத் துடைக்க நாங்க இருக்கோமே."

"விதியை நினைச்ச மாத்திரத்துல மாத்திட முடியுமா, பெரியக்கா?"

"நீங்க நினைச்ச மாத்திரத்துலதானே சார் போட்டீங்க?"

ஐயா அன்று மிகவும் வேலையாக இருப்பதுபோல மேசையைத் துடைத்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் சூளைக்காரம்மா வழக்கம்போல வந்தார். வெளிவாசலில் காலணியைக் கழற்றினார். விரலிடுக்கில் சின்ன வெடிப்பு இருந்ததை வாசல் அண்ணன் பார்த்திருக்கிறார். பார்த்தும், விதிப்படி அனுப்பினார். அடுத்து வந்த நாட்களில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கால் சிவந்து கொதித்தது. சூளையிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். இன்னொரு தடவை படுத்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சூளை முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

ஐயா பக்கத்தில் போய் நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கழுவினியா?"

"கழுவினேன்."

"செருப்புப் போட்டியா?"

"தூங்கறப்ப மட்டும்தான் கழட்டினேன் டாக்டரய்யா." சூளைக்காரம்மா மூச்சு வாங்கினார். "நீங்க சொன்னது எல்லாத்தையும் செஞ்சேன். ஒரு வாரம் தவறாம இங்க வந்தேன். வராம இருந்திருக்கணும் போல."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. காய்ச்சலில், தமக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னார். ஐயா கேள்விகளை அத்தோடு நிறுத்தினார். பிறகு வெளியே வந்து, மழையில் முற்றத்தைக் கடந்து, வாசல் அண்ணனிடம், "அலமாரியைத் தூக்கு" என்றார்.

"எங்க வைக்கட்டும் சார்?"

"எங்கயும் வேணாம். இனிமே எல்லாரும் செருப்போட உள்ள வரலாம்."

"நீங்களுமா சார்?"

"நானுந்தான்யா" என்றார் ஐயா. அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பது அப்போது வாசல் அண்ணனுக்குத் தெரியாது.

மறுநாள் ஜீப் வாசலில் நின்றது. ஐயா இறங்கினார். வலது காலில் கண்ணைக் கூசவைக்கும் பூட்ஸ். இடது காலில், வீங்கிய பாதங்களுக்காக எங்கள் நிலையத்தில் கொடுக்கிற, பட்டை வைத்த அகலச் செருப்பு. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். காத்திருந்த கூட்டம் அவருடைய காலைப் பார்த்தது, பிறகு பலகையைப் பார்த்தது, மறுபடியும் காலைப் பார்த்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு விஷயத்தைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.  கடைசியில், கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த சூளைக்காரம்மாவின் குரல் சன்னல் வழியாக வந்தது.

"ஐயோ பாவம், பூட்ஸ் டாக்டரு பாதி பூட்ஸ் டாக்டரா ஆயிட்டாரே!"

முற்றமே சிரித்தது. ஐயாவும் சிரித்தார் என்று எழுதவே எங்களுக்கு ஆசை. ஐயாவுக்கு முகம் சிவந்து, காது சிவந்து, நேராகப் போய்க் கால் கழுவும் வரிசையில் உட்கார்ந்தார்.

பெரியக்கா தண்ணீர்த் தொட்டியை அவர் முன்னால் வைத்தார். "வெறுங்கால்ல வயல் வேலை உண்டா?"

"என்னையே கேக்கறீங்களா?"

"வரிசையில உட்கார்ந்தா எல்லாருக்கும் ஒரே கேள்விதான் சார். வீட்ல தரை மண்ணா? தண்ணிக்கு வெகுதூரம் போகணுமா? குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

எல்லாவற்றுக்கும் ஐயா இல்லை என்றார். அந்தப் பலகையை என்ன செய்வது என்று பெரியக்கா கேட்டபோது மட்டும், "கழட்டிடுங்க" என்றார். பலகை நல்ல மரம் என்பதால் வீணாக்கவில்லை. திருப்பிப் போட்டு, 'செருப்போடு உள்ளே வரலாம்' என்று எழுதி அதே ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

சூளைக்காரம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஐயாவே சூளைக்குப் போய், தம் இரண்டு கால்களையும் முதலாளிக்குக் காட்டி, இது வேலை செய்யாததால் வருகிற வியாதி இல்லை என்று பேசினார். முதலாளி எந்தக் காலைப் பார்த்து மனம் மாறினார் என்று தெரியாது. அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, மண் மிதிப்பதற்குப் பதிலாகக் கல் அடுக்குகிற வேலை. முற்றத்தை வெறுங்காலால் மிதிக்காமல் வந்து போகிற மற்றவர்களுக்கும் இந்த மழைக்காலத்தில் தாக்கு வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது. டைல்ஸில் முகம் பார்க்க முடிவதில்லை. துடைத்துத் துடைத்துப் பெரியக்காவுக்கு இடுப்பு வலி. பட்டம் தருவதாக இருந்த மேலிடம் செய்தி கேட்டதும் மௌனமாகிவிட்டது; ஆகவே பட்டத்துக்குப் பதில் இந்த மடல்.

ஐயாவின் காலுக்கு வருவோம். இரத்தம் பார்த்தோம், புழு இல்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. செம்மண் வீக்கம் நாள்பட்டால் கட்டியாக, தடித்துப் போயிருக்கும். இதுவோ அழுத்தினால் குழிகிற மெத்து வீக்கம். நகரத்துப் பெரிய மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க எப்படி உட்காருவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூடப் போயிருந்த பெரியக்கா திரும்பி வந்து ஐயாவின் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

இயற்கை ஐயாவுக்கு உயரத்தைக் கொஞ்சம் சிக்கனமாகவே கொடுத்திருக்கிறது. எதிரில் உட்காருகிற நோயாளி தம்மைவிட உயரமாகத் தெரிவது பிடிக்காமல், பல வருஷங்களுக்கு முன்பே தச்சரைக் கூப்பிட்டுத் தம் நாற்காலிக்கு அடியில் கட்டை அடிக்கச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வேலை நேரம் முழுக்க ஐயாவின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. நாற்காலி விளிம்பு தொடையை அழுத்த, கீழே போன இரத்தம் மேலே வரச் சிரமப்பட்டு, நாளங்கள் களைத்துவிட்டன; முதலில் தோற்றது இடது கால்.

இதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவர் சூளைக்காரம்மாதான். "மண்ணு பட்டு வீங்கின காலைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். மண்ணே எட்டாம வீங்கின காலை இப்பத்தான் பாக்கறேன்!" என்றார்.

கட்டைகளை எடுத்துவிட்டோம். வீக்கம் வற்றி வருகிறது.

ஐயா! இன்னும் பல்லாண்டு, உடலில் உரமும் உள்ளத்தில் உவகையும் குன்றாமல், பேரர் பேத்தியர் பின்தொடர, இரண்டு கால்களும் ஒரே அளவாய், ஒரே சோடிக் காலணியில் ஒழுங்காய் நுழைய, நீங்கள் நெடுக நடந்து திரிய வேண்டும் என்று நெஞ்சார நினைக்கிறோம். எங்கும் எந்த வரிசையிலும் உங்களைக் காத்திருக்க வைக்காமல் காலம் கனிவோடு நடத்தட்டும். நீங்கள் திட்டிய நாட்களை நாங்கள் மறந்துவிடுவோம். நீங்கள் மழையில் அலமாரியைத் தூக்கச் சொன்ன நாளை மறக்க மாட்டோம்.

இவ்வாறு வாழ்த்துவோர்: கால் கழுவும் கைகளும், கட்டுப் போடும் கைகளும், தரை துடைக்கும் கைகளுமாகிய கால்வீக்க நோய் நிலையப் பணியாளர்கள் அனைவரும்.

விழாவுக்காகப் பந்தல்காரரிடம் கேட்டு வாங்கிய இந்தச் சிங்கமுக நாற்காலி மிகவும் உயரமானது. ஐயாவின் பாதங்கள் இப்போதும் தரையைத் தொடவில்லை.